ஆணியில் இல்லாத ஹேண்டில்

என் மனைவிக்குத் தம்பி ஒருவன்தான். அவனை ஒருநாள் மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு, எழுபது டிகிரி வெந்நீரில், நூற்றிருபது கிலோ ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளோடு சேர்த்துத் துவைத்து, அலசி, பிழிந்துவிட இருந்தேன். என் கட்டைவிரல் பொத்தானுக்கு அரை அங்குலம் முன்னால் நின்றது. அந்த அரை அங்குலத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். இதில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. சில இடங்களில் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன், நீங்கள் நம்ப வேண்டுமே என்று.

அப்போது நான் ஒரு சலவை ஆலையில் எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேன். ஒன்பது ஆஸ்பத்திரிகளின் துணி எங்களிடம் வரும். துவைத்ததை மடிக்கும் கூடம் எவ்வளவு நீளம் என்றால், இந்தக் கோடியில் மடிக்க ஆரம்பித்த விரிப்பு அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அதன் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார். கூடத்துக்குத் தலைவியாக ஒரு சூப்பர்வைசர் அம்மா இருந்தார். முகத்துக்கு நேரே மேடம். முதுகுக்குப் பின்னால் 'கறை'. லாரி கேட்டுக்குள் திரும்பும்போதே, எத்தனையாவது மூட்டையில் காபி கொட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். சர்க்கரை போட்ட காபியா போடாததா என்று மட்டும் கிட்டே வந்து பார்த்துத்தான் சொல்வார்.

துவைக்கும் மெஷின்கள் ஆறு. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஓர் ஆள் நிமிர்ந்து நின்று தலை வாரிக்கொள்ளலாம். ஆறுக்கும் மின்சாரம் போனது பேனல் அறையில் இருந்த ஆறு பிரேக்கர்கள் வழியாக. வீட்டுச் சுவரில் இருக்கும் சுண்டுவிரல் சுவிட்சை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு இரும்புப் பெட்டி. எடை என் மாமனார் எடை. கோபமும் ஏறக்குறைய அதே அளவு. ஒன்று ஆன் ஆகி மூடும்போது எழும் 'டமார்' சத்தத்தை வைத்து எதிர்த்தெரு கடிகாரக் கடைக்காரர் தன் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்வார். நாங்கள் தாமதமாகத் திறந்த நாட்களில் அந்தத் தெருவே தாமதமாக இருந்தது.

ஆறும் டிராஅவுட் வகை. அதாவது பிரேக்கர் தனி, அது உட்கார்ந்திருக்கும் கூடு தனி. கூட்டின் அடியில் ஒரு துளை. அதில் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால், பிரேக்கர் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து வரும். உள்ளே இருக்கும்வரை அது பின்னாலுள்ள செப்புக் கம்பிகளைக் கவ்விப் பிடித்திருக்கும். கொஞ்சம் சுற்றினால் கவ்வல் விட்டுவிடும். இது டெஸ்ட் நிலை. இங்கே விளக்கு எரியும், பொத்தானை அமுக்கினால் டமார் என்று மூடவும் செய்யும், ஆனால் ஒரு சொட்டு மின்சாரம் மெஷினுக்குப் போகாது. எங்கள் மேனேஜர் ஓய்வு பெறும்வரை இந்த நிலையில்தான் இருந்தார். இன்னும் சுற்றினால் பிரேக்கர் முழுக்க வெளியே வந்து நிற்கும். துடைக்கலாம், தட்டிப் பார்க்கலாம், மாற்றலாம். மற்ற ஐந்தும் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு சின்ன ஜன்னல் உண்டு.

ஒருமுறை நான்காம் எண்ணை வெளியே இழுத்து, சக்கரவண்டியில் ஏற்றிவிட்டு, வண்டிக்கு அண்டைகொடுக்க மறந்துவிட்டேன். அது அறையை விட்டு, வராந்தாவை விட்டு, கேட்டைத் தாண்டி, இறக்கத்தில் இரண்டு தெரு போய்விட்டது. கண்டுபிடித்துத் தள்ளிக்கொண்டு வரும்போது அதன் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டேஷனுக்குப் போகிறதா என்று கேட்டார்கள்.

சரி, ஹேண்டிலுக்கு வருவோம். ஆறு பிரேக்கருக்கும் சேர்த்து ஹேண்டில் ஒன்றுதான். பழைய பேனலின் ஓரத்தில் ஓர் ஆணி, அதில்தான் தொங்கும். எங்கள் அறையில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. மெஷினுக்குள் இறங்கப் போகிறவன், அந்த மெஷினின் பிரேக்கரை வெளியே சுற்றிவிட்டு, ஹேண்டிலை இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டு போக வேண்டும். அவன் திரும்பி வந்து ஹேண்டிலை எடுத்தாலொழிய அந்தப் பிரேக்கரை யாராலும் உள்ளே தள்ள முடியாது. மேனேஜராலும் முடியாது, மந்திரவாதியாலும் முடியாது. ஆணி காலி என்றால் யாரோ ஒருவன் ஏதோ ஒரு மெஷினின் வயிற்றில் இருக்கிறான் என்று அர்த்தம். ஜன்னல்களைப் பார்த்தால் எந்த மெஷின் என்று தெரிந்துவிடும். இதனால், எதை அமுக்குவதற்கு முன்பும் ஆணியை ஒரு பார்வை பார்ப்பது எனக்குக் கண் சிமிட்டுவது மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் ஃபேன் போடுவதற்கு முன்பும் சுவரைப் பார்ப்பேன். அங்கே காலண்டர்தான் தொங்கும்.

ஹேண்டிலைத் தொடும் உரிமை இரண்டே பேருக்கு. ஒருவன் நான். இன்னொருவன் என் மச்சினன், நோண்டி. அந்தப் பெயரை ஆலையே சூட்டியது. எதைப் பார்த்தாலும் திறந்து பார்க்காமல் அவனுக்கு உறக்கம் வராது. என் கல்யாணத்தன்று என் கைக்கடிகாரத்தை வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். மூன்று சக்கரம் மிச்சமாகி அவன் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் கடிகாரம் சரியாக ஓடியது. அவனை என்னோடு வேலைக்கு அனுப்பிய அன்று என் மனைவி சொன்னது ஒரே வாக்கியம்: "எப்படி அனுப்பறனோ அப்படியே திரும்பி வரணும்." அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

பதினாறு வருடம் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தான். பிறகு ஏழாவது மெஷின் வந்தது.

ஏழாவது, மற்ற ஆறையும் விழுங்கி ஏப்பம் விடும் அளவு பெரிது. அதற்குத் தனி பிரேக்கர், தனி பேனல் வேண்டும். விற்க வந்தவர் கழுத்தில் டை கட்டியிருந்தார். மேஜையில் இரண்டு படங்களைப் பரப்பினார். இரண்டிலும் ஒரே முகம், ஒரே நிறம், ஒரே பொத்தான்கள்.

"உள்ள சரக்கு ஒண்ணுதான் சார். இது டிராஅவுட், கூட்டோட வரும். இது ஃபிக்ஸட். கூடு கிடையாது. நேரா கம்பியில போல்ட்டு போட்டு முறுக்கிடுவோம். அடக்கமா இருக்கும்."

"ரிப்பேர் வந்தா?" என்றான் நோண்டி.

"எங்க பிரேக்கருக்கு ரிப்பேரே வராது."

"வராததுக்கா பின்னாடி சர்வீஸ் நம்பர் அடிச்சிருக்கீங்க?"

டைக்காரர் டையைச் சரிசெய்துகொண்டார். நான் ஃபிக்ஸட் போதும் என்றேன். நாற்பது சுற்று ஹேண்டில் சுற்றி எனக்கு இடுப்பு போயிருந்தது. ஏழாவதுக்கும் சேர்த்துச் சுற்ற எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அதை வெளியே சொல்வார்களா? "ஒரு மெஷின், ஒரு பிரேக்கர். அத எதுக்குடா வெளிய இழுக்கணும்?" என்றேன்.

"பாக்கறதுக்கு மாமா."

"என்னத்த?"

"வெளிய வந்துடுச்சான்னு. உள்ளயே உக்காந்துக்கிட்டு 'நான் ஆஃப்ல இருக்கேன்'னு சொன்னா, அது பேச்ச நாம நம்பணும். வெளிய வந்து நின்னுடுச்சுன்னா நம்பவே வேண்டாம். அதுவுமில்லாம, நம்ம பழைய பேனல் உங்க பல்செட்டு மாதிரி. கழட்டலாம், கழுவலாம், மாட்டலாம். இது சொந்தப் பல்லு. ஒண்ணப் புடுங்கணும்னா மொத்த வாயையும் மரத்துப்போக வைக்கணும். போல்ட்ட கழட்ட மொத்த கரண்ட்டையும் நிறுத்தணுமா இல்லையா, சார், நீங்களே சொல்லுங்க?"

டைக்காரர் என் வாயைப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயதில் முழுப் பல்செட் போட்டவனின் வாயை எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எடம் பத்தாது," என்றேன். "இழுத்தா பழைய பேனல்ல போய் இடிக்கும். அளந்து பாத்துடலாம் வா."

அளந்தோம். டேப்பின் பெட்டி அவன் கையில், நுனி என் கையில். நுனியைப் பழைய பேனலின் இரும்பில் ஒட்டி வைக்க வேண்டும். நான் ஒரு சாண் முன்னால் தள்ளிப் பிடித்தேன். என் முதுகு மறைத்திருந்தது. அவன் எண்ணைப் படித்தான், உதட்டைப் பிதுக்கினான். ஒரு சாண் பற்றவில்லை. ஏழாவதுக்கு ஃபிக்ஸட் வந்தது.

மெஷினை மாட்டியவர்கள் போகும்போது ஒரு பெருமையும் சொல்லிவிட்டுப் போனார்கள். பாதித் துவைப்பில் கரண்ட் போய்விட்டால், திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தானே தொடருமாம். யாரும் மெஷின் பக்கம் போய் எதையும் அமுக்க வேண்டியதில்லையாம். இவ்வளவு ஞாபகசக்தி உள்ளது வீட்டில் ஒன்று இருக்கிறதே, ஆலையிலும் வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அந்த நாள்.

காலையில் எனக்கு ஈறு வீங்கியிருந்தது. டீ இடைவேளையில் பல்செட்டைக் கழற்றி, கிழிந்த துணித்துண்டு ஒன்றில் சுற்றி, பக்கத்தில் ஏதோ ஒன்றின் மேல் வைத்துவிட்டு டீயை ஆற்றிக் குடித்தேன். குடித்து முடித்துத் திரும்பினால் அந்த ஏதோ ஒன்றைக் காணவில்லை. அது அழுக்குத் துணி வண்டி என்பது அப்புறம்தான் உறைத்தது. வண்டி போன திசையெல்லாம் போய்ப் பார்த்தேன். யாரிடமும் கேட்கவில்லை. "என் பல்லப் பாத்தீங்களா" என்று ஒரு ஃபோர்மேன் எப்படிக் கேட்பான்? நோண்டியிடம் கேட்டிருக்கலாம். அவன் பல்செட் உவமையை விட்டு இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பொக்கை வாயோடு பேனல் அறைக்குள் நுழைந்தேன். ஏழாம் எண்ணில் பச்சை விளக்கு. தெருவில் பச்சை என்றால் போகலாம். எங்கள் தொழிலில் பச்சை என்றால் நின்றுவிட்டது, சிவப்பு என்றால் ஓடுகிறது. எனக்குப் பின்னாலேயே கறை வந்தார்.

"ஃபோர்மேன், ஏழு நின்னு கால் மணி ஆகுது. ஆபரேஷன் தியேட்டர் துணி உள்ள கெடக்கு. மூணு மணிக்கு லாரி. என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

நான் உதட்டைத் திறக்காமல் தலையை ஆட்டினேன்.

"வாயத் தெறந்து சொன்னா என்ன?"

திறக்கவில்லை. பிரேக்கரைப் பார்த்தேன். முதல் விசித்திரம் அங்கேயே இருந்தது. கோளாறு வந்து பிரேக்கர் தானாக விழுந்தால், அதன் முகத்தில் ஒரு சின்னப் பொத்தான் நாக்கை நீட்டும். இது நாக்கை நீட்டவில்லை. அப்படியானால் இது தானாக விழவில்லை. யாரோ கையால் அணைத்திருக்கிறார்கள். அணைத்தவர் யார், ஏன்? இதை யோசித்திருக்க வேண்டியவன் நான். என் யோசனை முழுவதும் பல்லில் இருந்தது. கட்டைவிரலை நீட்டினேன். பழக்கம் விடுமா, கழுத்து தானாக ஆணிப் பக்கம் திரும்பியது.

ஆணி காலி.

சரி, யாரோ ஒரு மெஷினில் இருக்கிறான், நோண்டியாகத்தான் இருக்கும் என்று ஜன்னல்களைப் பார்த்தேன். ஒன்று, உள்ளே. இரண்டு, உள்ளே. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. எல்லாம் உள்ளே. எல்லாவற்றிலும் சிவப்பு விளக்கு. ஆறு மெஷினும் ஓடும் சத்தம் தரையில் கேட்டுக்கொண்டிருந்தது.

பதினாறு வருடத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஹேண்டில் வெளியே போயிருக்கிறது. ஆனால் பிரேக்கர் எதுவும் வெளியே வரவில்லை. விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். ஆறு. பின்னாலிருந்து முன்னால் எண்ணினேன். அப்போதும் ஆறு. குனிந்து பேனலுக்கு அடியில் பார்த்தேன். ஒரு போல்ட்டு, ஒரு பேனா, நான் போன வருடம் தொலைத்த மூக்குக்கண்ணாடி எல்லாம் இருந்தன. ஹேண்டில் இல்லை.

"என்ன தேடறீங்க?"

"ஹேண்டில்," என்றேன், கையால் வாயை மறைத்தபடி.

"ஏழுக்கு ஹேண்டிலே கெடையாதே. நீங்கதானே சொன்னீங்க, ஃபிக்ஸட்டுன்னு."

"கெடையாது."

"அப்புறம்? அமுக்குங்க."

அவர் சொன்னது நியாயம். துளையே இல்லாத பிரேக்கருக்கும் தொங்காத ஹேண்டிலுக்கும் என்ன சம்பந்தம்? அதை அமுக்கிவிட்டு இதைச் சாவகாசமாகத் தேடலாம். வேறு யாராக இருந்தாலும் அமுக்கியிருப்பார்கள். எனக்கு மட்டும் காது மடலில் எறும்பு ஏறினாற்போல இருந்தது. திருடு போயிருக்குமா? வேறெதற்கும் உதவாத ஹேண்டிலை எவன் திருடுவான்? நான் எடுக்கவில்லை. அப்படியானால் எடுத்தது நோண்டி. நோண்டி அதை எதற்கு எடுப்பான்? மெஷினுக்குள் இறங்க மட்டும்தான். எந்த மெஷின்? ஆறும் ஓடுகிறதே.

மெஷின்கள் ஆறு அல்ல, ஏழு.

நான் நகரவில்லை. உடம்பில் ரத்தம் மட்டும் ஏழு மாடி இறங்கியது.

"நகருங்க, நானே அமுக்கறேன்," என்று கறை கையை நீட்டினார். நான் அவருக்கும் பிரேக்கருக்கும் நடுவில் பாய்ந்தேன். பாய்ந்த பிறகுதான் தெரிந்தது, பொத்தான் என் முதுகுத் தண்டுக்கு நேர் பின்னால் இருக்கிறது, நான் சாய்ந்தால் நானே அமுக்கிவிடுவேன் என்று. வில் மாதிரி முன்னால் வளைந்து நின்றேன். அன்றோடு என் இடுப்பு வலி போயிற்று. இன்றுவரை திரும்பவில்லை. டாக்டர்களுக்கு இது விளங்கவில்லை.

"மேடம், என் மச்சினன் எங்க?"

"எனக்கென்ன தெரியும்? பதினோரு மணிக்குப் பாத்தேன். ஏழுல என்னமோ டிக்கு டிக்குன்னு சத்தம் வருது, என்னன்னு பாக்கணும்னு சொல்லிட்டிருந்தான்."

சொல்லி முடிக்கும்போதே அவர் முகம், எந்தச் சலவைக் காரம் போட்டாலும் வராத அளவுக்கு வெளுத்துவிட்டது. என் வாயில் பல் இல்லை என்பதை அவர் அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பின்பக்க மூடியப் பாருங்க. முன்கதவு சாத்திதான் இருக்கும். நான் இங்கருந்து நகர முடியாது. நான் போனா வேற யாராவது வந்து அமுக்கிடுவாங்க. ஓடுங்க."

ஓடினார். இருபது வருடம் நடந்துகூடப் பார்த்திராத வேகத்தில் ஓடினார். அவர் திரும்பி வர நான்கு நிமிடம் ஆயிற்று. அந்த நான்கு நிமிடத்தில் எனக்கு நரை விழுந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நரை ஏற்கெனவே இருந்தது. அது கருத்துவிட்டு மறுபடி நரைத்தது.

அங்கே நடந்ததை அவர் பிறகு சொன்னார். பின்பக்கச் சின்ன மூடி திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் வடித்துவிடப்பட்டிருந்தது. நனைந்த விரிப்புகள் ஒரு குன்றாகக் கிடந்தன. குன்று அசைந்தது. இவர் மூடியில் ஓங்கித் தட்டினார்.

"யாரது?" என்றது குன்று.

"நான்தான். உள்ள என்ன பண்றே?"

"தேடறேன் மேடம்."

"என்னத்தத் தேடறே?"

"அது தெரிஞ்சா எதுக்கு உள்ள வந்து தேடறேன்?"

அவன் பேனல் அறைக்குள் வந்தபோது தலையில் நுரை, தோளில் ஒரு தலையணை உறை, முகத்தில் பெரும் பிரகாசம். அவனுக்கு ஒன்றும் தெரியாது. இடுப்பு பெல்ட்டில் ஹேண்டில் பத்திரமாகச் செருகியிருந்தது.

"மாமா, கண்டுபுடிச்சிட்டேன்! என்ன சத்தம்னு காலையிலேருந்து மண்டைய ஒடைச்சிட்டிருந்தேன். பாருங்க." உள்ளங்கையை விரித்தான். அதில் என் பற்கள், மேல் வரிசையும் கீழ் வரிசையும், சோப்பு வாசனையோடு சிரித்துக்கொண்டிருந்தன. "யாரோ பேஷண்ட்டுதுன்னு நெனைச்சேன். ஆனா இந்தக் கடவாய்ப்பல்லு ஓரத்துல ஒரு ஒடைசல் இருக்கு பாருங்க. இத நான் எங்கயோ பாத்திருக்கேன்..." என் வாயைப் பார்த்தான். "அட!"

நான் பல்லை வாங்கவில்லை. "அது இருக்கட்டும். இடுப்புல இருக்கே, அது எந்தப் பிரேக்கரோடதுன்னு சொல்லு," என்றேன்.

"ஏழோடதுதான். ஆஃப் பண்ணிட்டு, ஹேண்டில எடுத்துச் செருகிக்கிட்டுத்தானே உள்ள..."

அங்கேயே நின்றுவிட்டான். இடுப்பைப் பார்த்தான். ஏழாம் எண்ணைப் பார்த்தான். மெல்லக் குனிந்து, வழக்கமாகத் துளை இருக்கும் இடத்தில் விரலை வைத்தான். வழவழப்பான இரும்பு. அந்த இரும்பை இப்படியும் அப்படியும் தடவினான், துளை எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுபவன் போல. ஃபிக்ஸட் வேண்டாம் என்று வாதாடியவனே அவன்தான். ஃபிக்ஸட்டுக்குக் கூடு கிடையாது, துளை கிடையாது என்று அவனுக்குத் தெரியாதா? மூளைக்குத் தெரியும். பதினாறு வருடம் ஹேண்டிலை எடுத்துச் செருகிய கைக்கு அதை யாரும் சொல்லவில்லை. முகம் ஒன்றாக இருந்தது, பொத்தான் ஒன்றாக இருந்தது. கை தன் வேலையைச் செய்துவிட்டது.

"இதுல துளையே இல்லையே மாமா," என்றான், எனக்குத் தகவல் சொல்வதுபோல. பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கறை அவன் தலையிலிருந்த நுரையைத் தன் முந்தானையால் துடைத்தார். அந்த முந்தானையில் கறை படிந்ததை அவர் வாழ்நாளில் முதல்முறையாகக் கவனிக்கவில்லை. லாரி அன்று ஐந்தரைக்குத்தான் போனது.

சாயங்காலமே ஏழாம் எண்ணுக்கு ஒரு பூட்டு வாங்கினேன். ஆஃப் நிலையில் பூட்டிப்போட அதில் வசதி இருந்தது. முதல் நாளே டைக்காரர் காட்டியிருந்தார்; எங்களிடம்தான் ஹேண்டில் இருக்கிறதே என்று கேட்டுக்கொள்ளவில்லை. பூட்டோடு இரண்டு சாவி வந்தது. ஒன்றை எல்லோர் முன்னாலும் சாக்கடையில் போட்டேன். மிச்சமிருந்த சாவி ஹேண்டில் ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணியில் ஏறியது.

ஆனால் ஹேண்டில் ஆணி காலியாகவே இருந்தது. அதை நோண்டி கழற்றவில்லை.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதும் அவன் இடுப்பில் ஹேண்டில் இருந்தது. என் மனைவி அதைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன, உங்க பல்லுலேருந்து சோப்பு வாசனை வருது?"

நான் சோற்றைப் பார்த்தேன். நான் வாயைத் திறந்தால் எதையும் ஒளிக்க முடியாது, எல்லாம் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

"ஆலைக்குப் புதுசா ஒரு சோப்பு வந்திருக்குக்கா," என்றான் நோண்டி. "மாமாதான் மொதல்ல டெஸ்ட் பண்ணிப் பாத்தாரு."

"அதுக்கு ஏன் நீ பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"ரிசல்ட்ட பாத்து மெரண்டுட்டேன்."

அவள் நம்பவில்லை. ஆனால் அனுப்பிய மாதிரியே திரும்பி வந்திருந்ததால், இன்னொரு கரண்டி சாதம் போட்டு நிறுத்திக்கொண்டாள்.

மூன்று நாள் அந்த ஹேண்டில் அவன் இடுப்பில் இருந்தது. குளிக்கும்போது குளியலறைக் கொக்கியில் தொங்கியது, தூங்கும்போது தலையணைக்கு அடியில். மூன்று நாளும் பழைய பேனலின் ஆறு பிரேக்கர்களும் அசையாமல் உள்ளேயே இருந்தன. சுத்தம் செய்ய வேண்டிய நாள் வந்தும் யாரும் ஹேண்டிலைக் கேட்கவில்லை. கறைகூடக் கேட்கவில்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. துளை இல்லாத இரும்பை அவன் தடவியது கண்ணுக்குள்ளேயே நின்றது. இரும்பின் மேல் குற்றமில்லை. ஃபிக்ஸட் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும், பூட்டிப்போடத் தெரிந்தவர்களிடம். எங்களிடம் வந்தது அதன் தலைவிதி. அதை எங்களிடம் கொண்டுவந்தது ஒரு சாண் இடம்.

நான்காம் நாள் காலை நான் பேனல் அறைக்குப் போனபோது அவன் எனக்கு முன்னால் வந்திருந்தான். இரண்டு பேனலுக்கும் நடுவில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, ரொம்ப நாளா ஒரு விஷயம் உறுத்துது."

"என்னடா?"

"அன்னைக்கு அளந்தோமே. எண் எப்படி அவ்வளவு கம்மியா வந்துச்சுன்னு பாக்கறேன். பாக்கறப்ப எடம் இருக்கற மாதிரிதான் தெரியுது. வண்டிய நிறுத்திப் பாத்தேன், வண்டியும் நிக்குது. டேப்பு மட்டும் ஏன் பத்தாதுன்னு சொல்லுச்சு?"

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. கடிகாரத்தைத் திறந்து மூன்று சக்கரம் மிச்சமானபோது இருந்த அதே ஆர்வம்தான். தெரிந்துதான் கேட்கிறானா, தெரியாமல் கேட்கிறானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனைத் திறந்து பார்க்க எனக்குத் தெரியவில்லை.

"டேப்பு சரியாத்தான் சொல்லுச்சு," என்றேன். "நுனியப் புடிச்சவன்தான் சரியில்ல."

என் வாயை ஒருமுறை பார்த்தான். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தான். பிறகு, இடுப்பில் கை வைத்து, ஹேண்டிலை உருவி, ஆணியில் மாட்டினான். அது இரண்டு தரம் ஆடி நின்றது.

"இன்னொரு தரம் அளந்துடலாமா மாமா? புது கூட்டுக்கு ஆர்டர் போடணும்னா எண்ணு கரெக்டா வேணும்."

"மொத்த வாயையும் மரத்துப்போக வைக்கணுமேடா," என்றேன். "ஆறையும் நிறுத்தணும். மேடம் விடுவாங்களா?"

"ஞாயித்துக்கெழமை ஒருநாள் பூரா நிறுத்திக்கோங்கன்னு அவங்கதான் சொன்னாங்க. நேத்தே கேட்டுட்டேன்."

டேப்பின் பெட்டியை அவன் எடுத்துக்கொண்டு ஏழாம் எண் பக்கம் போனான். நுனியை என்னிடம் கொடுத்தான். பழைய பேனலின் இரும்பில் அதை ஒட்டி வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். அவன் பார்க்கட்டும் என்று முதுகை ஒதுக்கிக்கொண்டு நின்றேன்.